பழைய பேஸ் கிட்டார் வாங்குவது, மாற்றுவது, விற்பது: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறவர்களும், அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை என்று கோயில் திருவிழாக்களில் ராத்திரி மேடையேறுகிற மெல்லிசைக் குழுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: பழைய பேஸ் வாங்கும்போது நீங்கள் காசு கொடுப்பது நெக்குக்கு, அதாவது விரல் வைத்து வாசிக்கிற நீளமான கைப்பகுதிக்கு. பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தம்), கம்பி, வால்யூம், ஜாக் (கேபிள் குத்துகிற இடம்) எல்லாவற்றையும் நம்ம ஊரிலேயே மாற்றிவிடலாம், முறுக்கிக்கொண்ட நெக்கை நேராக்குவது மட்டும் லேசில் நடக்கிற காரியம் இல்லை.

கேள்வி: முதல் பேஸ் வாங்கப் போகிறேன். புதுசா, பழசா?

பழசு. ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். கையில் இருக்கிற காசுக்குப் புதுசில் கிடைப்பது கம்பெனியின் கடைசிப் படி மாடல், அதே காசுக்குப் பழசில் ஒரு படி மேலே கிடைக்கும். அப்புறம், அஞ்சாறு வருஷம் சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் பார்த்த பிறகும் ஒரு நெக் நேராக நிற்கிறது என்றால் அந்த மரம் இனிமேல் பெரிதாக ஆட்டம் காட்டாது என்று ஓரளவு நம்பலாம், புதுசுக்கு அந்தச் சோதனை இனிமேல்தான் நடக்க வேண்டும். கூட வர ஆளே இல்லை என்றால் கடையில் புதுசு வாங்குங்கள், வாரண்டியாவது கையில் இருக்கும்.

கேள்வி: நேரில் பார்க்கும்போது எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் எங்கே பார்ப்பது என்பதைப் பேசிவிடுங்கள். ஜங்ஷனில் பஸ் இறங்கி ரோட்டோரமாக நின்று பேஸ் பார்க்கக் கூடாது. ஆம்ப் இருக்கிற இடம் வேண்டும்: விற்கிறவர் வீடு, சர்ச் ஹால், தெரிந்த மைக்செட் கடை, எதுவானாலும் சரி. கையில் ட்யூனர் ஆப் உள்ள போன், சொந்தமாக ஒரு கேபிள், ஒரு 9 வோல்ட் பேட்டரி (பேட்டரியில் ஓடுகிற பேஸாக இருந்தால் போட்டுப் பார்க்க), சின்ன ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ செட் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் சொந்தமாக ஏன் என்றால், கரகரப்பு வந்ததும் விற்கிறவர் சொல்கிற முதல் வார்த்தை "கேபிள்தான் போயிருச்சு" என்பதுதான்.

கம்பியைச் சரியான சுருதிக்கு ஏற்றிய பிறகுதான் நெக்கைப் பார்க்க வேண்டும். கம்பி தளர்ந்த நிலையில் எந்த நெக்கும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். நாலு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ இழுக்கிறது, அந்த இழுப்பில் நெக் எப்படி நிற்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். ஹெட்ஸ்டாக் (சுருதிச் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி, கம்பியின் அடிமுனையைப் பாடியில் பிடித்திருக்கும் பிரிட்ஜை நோக்கி நெக்கின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி லேசாக உள்வாங்கி இருந்தால் பயமில்லை. ஒரு ஓரம் ஒரு போக்கிலும் மற்றது வேறு போக்கிலும் போனால் நெக் முறுக்கியிருக்கிறது. பேரம் பேசாமல் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோக வரிகள்தான் ஃப்ரெட்) ஒரு விரலையும் நெக் பாடியோடு சேரும் இடத்தில் இன்னொரு விரலையும் வைத்து, இருப்பதிலேயே தடித்த ஈ கம்பியை அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. அது ஒரு விசிட்டிங் கார்டு கனம். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கம்பி) வேலை செய்கிறதா என்று பார்த்தாக வேண்டும். விற்கிறவரிடம் கேட்டுவிட்டு, அளவு சரியான ஆலன் கீயை வைத்து முதலில் இடதுபக்கம் லேசாகத் தளர்த்தி, பிறகு பழைய இடத்துக்கே கொண்டு வாருங்கள். ராடைத் திருப்புகிற நட் அசையவே இல்லை, அல்லது ஏற்கெனவே கடைசி வரை முறுக்கியும் நெக் வளைந்தேதான் இருக்கிறது என்றால் அந்த பேஸ் வேண்டாம். "தொடாதீங்க தம்பி, உடைஞ்சிரும்" என்று அவர் பதறினால் அதுவே பதில்.

பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஆம்ப் இல்லாமல், அவசரப்படாமல் வாசியுங்கள். ஓரிடத்தில் கம்பி இரைந்தால் ஃப்ரெட் தேய்ந்திருக்கலாம், தூக்கியிருக்கலாம். 12க்கு மேலே எல்லாமே இரைந்தால் நெக் பாடியோடு சேரும் இடம் மேலெழும்பியிருக்கும், அதைச் சரிசெய்ய ஃப்ரெட்டுகளை ராவ வேண்டும், நம்ம பக்கம் அதைச் சுத்தமாகச் செய்கிற ஆள் குறைவு. இருப்பதிலேயே மெல்லிய ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழு ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் சட்டென்று செத்துப்போனால் கவலை வேண்டாம், ஃபெண்டர் பாணியில் போல்ட் போட்ட நெக் பலவற்றில் அது கூடப்பிறந்த குணம்.

கடைசியில்தான் கரண்ட் சமாச்சாரம். வால்யூமையும் டோனையும் முழுசாகத் திருப்பிக் கரகரப்பைக் கேளுங்கள், ஜாக்கை ஆட்டிப் பாருங்கள், ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் லேசாகத் தட்டினால் ஆம்பில் "டக்" என்று கேட்க வேண்டும். இதில் எது கெட்டிருந்தாலும் வாங்கலாம், விலையில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்தக் கம்பெனி நல்லது?

பழசில் நம்ம பக்கம் அதிகம் சுற்றுவது யமஹா, ஐபனீஸ், கோர்ட், ஸ்குவயர். நாலுமே நம்பலாம். கிவ்சன் போன்ற நம் நாட்டுத் தயாரிப்பு மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று தரம் மாறும், அதனால் பெயரை விட்டுவிட்டு நெக்கை மேலே சொன்னபடி பாருங்கள்.

வயதை சீரியல் எண் சொல்லிவிடும். இந்தோனேசியாவில் செய்த ஐபனீஸ் பலவற்றில் எண் ஐ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், அதற்கடுத்த இரண்டு மாதம். ஸ்குவயரில் ஐ.சி.எஸ். என்று தொடங்கினால் இந்தோனேசியா, தொடர்ந்து வரும் இரண்டு இலக்கம் வருஷம். "ரெண்டு வருஷம்தான் ஆச்சு அண்ணே" என்று சொன்னவரின் பேஸில் 09 என்று இருந்தால் விலை பேச உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. ஃபெண்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய போலிகளும் உண்டு, மலிவு விலைக்கு ஃபெண்டர் வருகிறது என்றாலே சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பிரிசிஷன், ஜாஸ் என்கிறார்களே, எதை எடுப்பது?

இரண்டுமே லியோ ஃபெண்டரின் கம்பெனியிலிருந்து வந்த வடிவங்கள். பிரிசிஷன் 1951இல் வந்தது, ஜாஸ் 1960இல். இன்று மற்ற கம்பெனிகள் செய்வதில் பெரும்பகுதி இந்த இரண்டின் வழிதான், கம்பி நீளம் இரண்டிலும் 34 அங்குலம். பிரிசிஷனில் இரண்டாகப் பிரிந்த ஒரே பிக்கப், கனமான நடுச்சத்தம், கூட்டத்துக்குள் தொலைந்து போகாது. ஜாஸில் இரண்டு பிக்கப், நட் (ஹெட்ஸ்டாக்கை ஒட்டி, கம்பிகள் உட்காரும் பட்டை) பக்கம் நெக் ஒல்லி, சுமார் 38 மி.மீ. சின்னக் கை உள்ளவர்களுக்கு ஜாஸ் சுகம். இன்னும் சின்னக் கை, பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் தேடுங்கள். பாடகர் குழுவுக்கு என் ஓட்டு பிரிசிஷனுக்குத்தான், ஏனென்றால் கீபோர்டு வாசிக்கிறவரின் இடது கை எப்போதும் பேஸின் இடத்தில்தான் நிற்கும், அதைத் தாண்டிக் கேட்க வேண்டுமே.

கேள்வி: என்ன விலை நியாயம்?

இன்றைக்குக் கடையில் அதே மாடலின் புது விலையைப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் அதில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை கொடுக்கலாம். அவர் வாங்கிய விலை நமக்குக் கணக்கில்லை. வாங்க நல்ல நேரம் ஜனவரி, பிப்ரவரி: கிறிஸ்துமஸ் கேரலுக்காக வாங்கியவர்களில் சிலர் அப்போதுதான் விற்க வருவார்கள். ஆடிக்கொடை முடிந்த பிறகும் இப்படி ஒரு அலை வரும்.

கேள்வி: அண்ணாச்சி, வாங்கின பேஸை சர்ச் மிக்சரில் போட்டால் மந்தமாகக் கேட்கிறது. பிக்கப் மாற்றணுமா?

அவசரப்படாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ நல்ல பேஸ்கள் "சவுண்டு இல்லை" என்று கெட்ட பெயர் எடுத்து விற்பனைக்கு வருகின்றன, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.

பேட்டரி இல்லாத சாதாரண பேஸின் பிக்கப், தன்னை அதிகம் இழுக்காத ஒரு இன்புட்டைத்தான் எதிர்பார்க்கிறது. பேஸ் ஆம்பில் அந்த எதிர்ப்பு பத்து லட்சம் ஓம் வரை இருக்கும். மிக்சரின் லைன் இன்புட்டில் பெரும்பாலும் பத்தாயிரம், இருபதாயிரம் ஓம்தான். அங்கே நேராகக் குத்தினால் மேல்சத்தம் முழுக்க அமுங்கிப்போய் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். பிக்கப்பில் குறையே இல்லை. நடுவில் ஒரு டி.ஐ. பாக்ஸ் (பேஸின் சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வையுங்கள், அதிலிருந்து மைக் கேபிளில் மிக்சருக்கு அனுப்புங்கள், அதே பேஸ்தானா என்று கேட்பீர்கள். சில மிக்சரில் கிட்டார் படம் போட்ட அல்லது ஹை-இசட் என்று எழுதிய ஒரு சானல் இருக்கும், அதிலும் நேராகப் போடலாம். ஒரு ஜோடி பிக்கப் விலையில் சர்ச்சுக்கே ஒரு டி.ஐ. பாக்ஸ் வாங்கி மிச்சமும் இருக்கும், அடுத்து வருகிற பிள்ளைகளுக்கும் அது உதவும்.

இதைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போதும் லாபம். மந்தமாக இருக்கிறது என்று ஒருவர் விற்றால் எதில் போட்டு வாசித்தார் என்று கேளுங்கள்.

கேள்வி: "உம்ம்" என்று இரைகிறது. கம்பியைத் தொட்டால் நின்றுவிடுகிறது. ஏன்?

தொட்டதும் நின்றால் பிரிட்ஜுக்கு வரும் எர்த் வயர் சரியாகத்தான் இருக்கிறது, வெளி இரைச்சலைப் பிக்கப் வாங்குகிறது. பிக்கப்பும் வயரும் இருக்கிற குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்துப் பற்ற வைத்தால் பெருமளவு குறையும். தொட்டதும் இரைச்சல் கூடினால் அந்த வயர் அறுந்திருக்கும் அல்லது ஜாக்கில் வயர் மாறியிருக்கும், சால்டரிங் தெரிந்த எந்த ரேடியோ மெக்கானிக்கும் சரிசெய்வார்.

இதோடு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொடை மேடையில் ஜெனரேட்டர் ஓடும்போது மைக்கில் உதடு பட்டு ஷாக் அடிப்பது சாதாரண விஷயம் இல்லை, உயிர் போகிற விஷயம். உங்கள் கம்பி ஆம்பின் உடலோடு இணைந்திருக்கிறது, மைக் மிக்சரோடு இணைந்திருக்கிறது, இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லை என்றால் நடுவில் நீங்கள்தான் வயர். ஆம்ப் பிளக்கில் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரைச்சல் போய்விட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மிக்சரும் ஆம்பும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும், ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று மைக்செட்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வாங்கியதும் முதலில் என்ன மாற்ற வேண்டும்?

கம்பி. பழசில் வரும் கம்பி எத்தனை வருஷத்தது என்று யாருக்கும் தெரியாது. கம்பியின் கனம் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 45 முதல் 105 வரையோ, விரலுக்கு லேசாக வேண்டுமென்றால் 40 முதல் 100 வரையோ உள்ள செட் போடுங்கள். மினுமினுப்பு வேண்டாம், பழைய பாட்டுக்கு உருண்டையான சத்தம் வேண்டும் என்றால் ஃப்ளாட்வூண்ட் (மேலே தட்டையான இழை சுற்றிய கம்பி) இருக்கிறது. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் அப்படிப்பட்ட கம்பியை அறுந்தால் ஒழிய மாற்றாமல் வாசித்தவர் என்பார்கள்.

புதுக் கம்பி போட்ட பிறகு செட்டப். ட்ரஸ் ராட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள், ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். வலப்பக்கம் முறுக்கினால் நெக் நிமிரும், இடப்பக்கம் தளர்த்தினால் உள்வாங்கும். 12ஆவது ஃப்ரெட்டில் ஈ கம்பிக்குக் கீழே சுமார் 2.5 மி.மீ., ஜிக்குக் கீழே 2 மி.மீ. இருந்தால் பெரும்பாலானோர் கைக்கு ஒத்துவரும். அப்புறம் 12ஆவது ஃப்ரெட்டின் மேல் ஹார்மோனிக் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புவது) ஒரு தடவை, அங்கேயே அழுத்தி ஒரு தடவை, ட்யூனரில் பாருங்கள். அழுத்தியது சுருதி ஏறியிருந்தால் சேடிலை, அதாவது பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டை, பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு மாதம் வாசியுங்கள். பிக்கப் மாற்றும் ஆசை பாதிப் பேருக்கு அதற்குள் போய்விடும்.

கேள்வி: நம்ம ஊர் வெயிலும் கடற்காற்றும் என்ன செய்யும்?

உவரி, மணப்பாடு, திருச்செந்தூர், தூத்துக்குடி வீட்டிலிருந்து வரும் பேஸில் ஸ்க்ரூ, சேடில், ஜாக் எல்லாம் துருப்பிடித்திருக்கும். சேடில் ஸ்க்ரூ அசைகிறதா என்று மட்டும் பாருங்கள், வெளித்துரு பெரிய விஷயம் இல்லை. பாளையங்கோட்டை வெயிலில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் வெளியே நீட்டி விரலைக் கீறும், மெல்லிய அரத்தால் ராவிவிடலாம். குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் மரம் ஈரம் வாங்கி நெக் கொஞ்சம் அசையும், சீசனுக்கு ஒரு தடவை ட்ரஸ் ராடைச் சரிபார்த்தால் போதும்.

ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். அது சிக்குப் பிடித்து நாறும். கிட்டாருக்கென்று விற்கும் லெமன் ஆயில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, துணியில் தொட்டு. வார்னிஷ் போட்ட மேப்பிளுக்கு அதுவும் வேண்டாம்.

கேள்வி: ஆக்டிவ் ப்ரியாம்ப் போடலாமா?

பேட்டரியில் ஓடி, பேஸின் சத்தத்தைக் கூட்டவும் மாற்றவும் உதவுகிற சர்க்யூட் அது. போடலாம், குழிக்குள் பேட்டரிக்கு இடம் இருந்தால். இடம் இல்லை என்று பாடியைக் குடைய மர ஆசாரியிடம் கொண்டுபோகாதீர்கள். குடைந்த பேஸை வாங்குகிறவர் பாதி விலைக்குக் கேட்பார். வெளியே காலடியில் வைக்கிற ப்ரியாம்ப் பெடல் அதே வேலையைச் செய்யும், அடுத்த பேஸுக்கும் கூடவே வரும். ஏற்கெனவே ஆக்டிவ் பேஸ் வைத்திருந்தால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள், பெரும்பாலானவற்றில் ஜாக்தான் சுவிட்ச், குத்தியே வைத்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

வால்யூம் கரகரத்தால் சாதாரண பிக்கப்புக்கு 250 கிலோஓம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்), டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். கழற்றுமுன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்க ஆசை.

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட் இல்லாத பலகைக்குப் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசி வாசித்தவர், அந்தக் கதை கேட்டுத்தான் இந்த ஆசை பலருக்கும் வருகிறது. ஆசையில் தப்பில்லை. இருக்கிற ஒரே பேஸில் மட்டும் செய்யாதீர்கள், திரும்பப் பழையபடி ஆக்குவது லேசில் நடக்காது, நம்ம பக்கம் ஃப்ரெட்லெஸ் வாங்க ஆளும் கிடைக்காது. ஃப்ரெட் முழுக்கத் தேய்ந்துபோன ஒரு மலிவு பேஸ் கிடைத்தால் அதில் செய்யுங்கள். ஃப்ரெட்டை சால்டரிங் அயர்னால் சூடுபடுத்திக்கொண்டு பைய எடுத்தால் மரம் பெயராது.

கேள்வி: செய்த செலவெல்லாம் விற்கும்போது திரும்புமா?

திரும்பாது. பிக்கப்பும் பிரிட்ஜும் மாற்றிய பேஸுக்கு வாங்குகிறவர் அதே மாடலின் சாதாரண விலையைத்தான் தருவார். அதனால் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், ஸ்க்ரூ உட்பட, ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். விற்கும்போது பழையதைத் திரும்பப் போட்டு விற்றுவிட்டு, நல்ல பாகத்தை அடுத்த பேஸுக்கு எடுத்துக்கொள்ளலாம், அல்லது தனியாக விற்கலாம்.

குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். கீறலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், நெக்கை ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து எடுத்த படம், சீரியல் எண் படம், ஒரு நிமிஷம் வாசித்த வீடியோ, இவ்வளவும் இருந்தால் வீணாக வந்து பார்த்துப் போகிறவர்கள் குறைவார்கள். அப்புறம், சர்ச்சுக்கும் கொடைக்கும் வாசிக்கிற கூட்டம் இங்கே சின்னது, ஒருவரை ஏமாற்றினால் வள்ளியூரிலிருந்து சங்கரன்கோவில் வரை தெரிந்துவிடும். பில் இல்லை என்றால் ஒரு தாளில் மாடல், சீரியல் எண், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், திருட்டுப் பொருள் என்ற பேச்சே வராது.

விற்க நல்ல மாதம் அக்டோபரும் நவம்பரும்.

கேள்வி: நேரில் பார்க்காமலே முழுப்பணம் அனுப்புகிறேன் என்கிறார். சரியா?

ராணுவத்தில் இருக்கிறேன், க்யூ.ஆர். அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும் என்று சொன்னால் போனை வையுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: சென்னையிலிருந்து வாங்கினால் எப்படிக் கொண்டுவருவது?

முடிந்தால் ஆளே போய் நெல்லை எக்ஸ்பிரஸில் கையோடு கொண்டுவருவது நல்லது, மேல் பெர்த்தில் படுக்கவைத்துவிடலாம். பஸ் டிக்கியில் போட்டால் சூடும் இடியும் அதிகம். பார்சல் என்றால் கம்பியை ஒரு சுருதி இறக்கி, ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே துணியால் முட்டுக் கொடுத்து, கெட்டி அட்டைப்பெட்டிக்குள் அசையாமல் கட்டச் சொல்லுங்கள். பார்சலில் உடைந்து வருவது பெரும்பாலும் ஹெட்ஸ்டாக் கழுத்துதான்.

கேள்வி: ஐந்து கம்பி பேஸ் வாங்கலாமா?

நாலு கம்பியின் ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவதான பி 31. கொடை மேடையிலும் சின்ன சர்ச்சிலும் இருக்கிற பாக்ஸ்கள் அந்தச் சத்தத்தை ஒழுங்காகத் தராது. கீழ் சுருதியில் பாடுகிறவர் குழுவில் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அதே காசுக்கு நல்ல நாலு கம்பி.

கேள்வி: நான் இடதுகைக்காரன். வலதுகை பேஸைத் திருப்பிக் கட்டலாமா?

கட்டலாம். நட்டைப் புதிதாக வெட்ட வேண்டும், சேடில்களை மறுபடி சரிசெய்ய வேண்டும், ஸ்ட்ராப் பட்டனைக் கீழ்க்கொம்புக்கு மாற்ற வேண்டும், வால்யூம் மேல்பக்கம் வந்து முழங்கையில் இடிக்கும். இரண்டு கொம்பும் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள பாடியாகப் பாருங்கள். இன்னும் தொடங்கவே இல்லை என்றால் ஒரு மாதம் வலதுகை வழியிலேயே முயன்று பாருங்கள், பழைய இடதுகை பேஸ் இந்தப் பக்கம் விற்பனைக்கு வருவது மிக அபூர்வம்.